ஞாயிற்றுக்கிழமை ஏறிய சுருதி

போன வாரம் உங்களில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, அலமாரியிலிருந்து ஓர் எல்.பி. ரெக்கார்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தீர்கள். அதன் அட்டையில் ஒரு தகரக் குழலின் படம் பெரிதாகப் போட்டிருக்கிறது. உள்ளே ஒன்பது பாட்டு. ஒன்றில்கூடக் குழல் இல்லை. ஏன் சார் என்று கேட்டீர்கள். அட்டை முதலிலேயே அச்சாகிவிட்டது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதில் உண்மைதான், ஆனால் முழுப் பதில் இல்லை. நீங்கள் போன பிறகு அந்த வருடத்து டைரியை எடுத்துப் படித்தேன். எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நீங்கள் ஒலிப்பதிவு வேலைக்குப் புதிது. நான் செய்தது போன்ற ஒன்றைச் செய்வதற்கு உங்களுக்கு இன்னும் நிறைய வாய்ப்புகள் வரும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் எனக்கு வேலை. கீழே கயிறும் சாக்கும் அடுக்கிய கிடங்கு, மாடியில் ஸ்டூடியோ. இரண்டுக்கும் ஒரே முதலாளி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். நாங்கள் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கோயில் பாட்டு, சர்ச் பாட்டு, சோப்பு விளம்பரம், தேர்தல் வந்தால் கட்சிக்காரர்களின் பேச்சு என்று எது வந்தாலும் பதிவு செய்வோம். சுவரெல்லாம் சாக்குப் படுதா கட்டியிருந்தோம். மழைக்காலத்தில் அறை முழுக்கச் சணல் வாடை அடிக்கும். பாடகர்கள் தும்முவார்கள். கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டிகள் முட்டிக்கொள்ளும் சத்தம் எந்த நேரத்தில் வரும், துறைமுகத்துச் சங்கு எப்போது ஊதும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தேன். இரண்டு சத்தங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில்தான் பதிவு.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்து நோட்டில் எழுதுவேன். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மின்சாரத்தின் வோல்டேஜ் எழுதுவேன். எங்கள் பக்கம் ஆலைகள் அதிகம். பகலில் வோல்டேஜ் விழும். அதற்காக அண்ணாச்சியை நச்சரித்து ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்திருந்தேன். அதன் முள் இருநூற்று முப்பதில் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிம்மதி. என் ஸ்டூடியோவில் மின்சாரம் சரியாக இருக்கிறது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் டெரிக் வந்தான். ரயில்வே கார்டின் மகன். ஆங்கிலோ-இந்தியப் பையன். தலைமுடி தோள் வரை. எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவான். அவனுடன் கொருக்குப்பேட்டை இரட்டையர் இரண்டு பேர், ஒருவன் பேஸ் கிட்டார், இன்னொருவன் டிரம்ஸ். அவர்கள் வாசித்தது ஐரிஷ் மெட்டுகள். ஆடுவதற்கும் அழுவதற்கும் அந்த ஊர்க்காரர்கள் பாடும் பழைய மெட்டுகளுக்குக் கிட்டாரும் டிரம்ஸும் போட்டு முழக்குவார்கள். இப்போது நீங்கள் கெல்டிக் ராக் என்கிறீர்கள். அன்றைக்கு எங்களுக்குப் பெயர் தெரியாது. ‘சாமியார் பாட்டுக்கு டப்பாங்குத்து’ என்று அண்ணாச்சி சொல்லுவார்.

சாமியார் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த மெட்டுகள் ராயபுரத்துக்கு வந்தது ஓர் ஐரிஷ் பாதிரியார் மூலம். அவர் பங்குக் கோயிலில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். இருந்த காலத்தில் மரியதாஸ் என்ற பையனுக்குத் தகரக் குழல் ஊதக் கற்றுக்கொடுத்திருந்தார். அந்தப் பையன் வளர்ந்து, கப்பலில் விஞ்சு ஓட்டுபவர் ஆனார். விஞ்சு என்பது கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, அடிக்கிடங்கிலிருந்து சரக்கைத் தூக்கி வெளியே இறக்கும் இயந்திரம். கீழே கிடங்கில் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் தலைக்கு மேல்தான் சரக்கு ஏறும். ‘நிறுத்து’ என்று கீழிருந்து ஒரு குரல் வந்தால் அந்த நொடியில் நிறுத்த வேண்டும். எனக்கு அறிமுகமானபோது மரியதாஸுக்கு வயது முப்பத்தெட்டு. குழுவில் அவர்தான் மூத்தவர். ஒன்பது மெட்டில் ஏழு அவர் நினைவிலிருந்து வந்தவை. ஒன்று அவரே கட்டியது. ஆல்பத்துக்குப் பெயரே அந்த மெட்டின் பெயர்தான். அட்டையில் குழலின் படம் வந்தது அதனால்.

ஒரு சிக்கல் இருந்தது. வார நாட்களில் மரியதாஸுக்குப் பகல் முழுக்கக் கப்பல் வேலை. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்துதான் வர முடியும். அதனால் நான் ஒரு திட்டம் போட்டேன். மற்ற மூன்று பேரையும் வார நாட்களில் காலை பத்திலிருந்து நான்கு மணிக்குள் பதிவு செய்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை அந்த டேப்பை ஓடவிட்டு, மரியதாஸ் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டே ஊத, இரண்டையும் சேர்த்து இன்னொரு மெஷினில் பிடிப்பது. உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களிடம் இருந்தது இரண்டு மெஷின், அவ்வளவுதான்.

டெரிக்கிடம் ஒரு சின்ன சுருதி பைப் இருந்தது. அதை ஊதி, அந்தச் சுருதிக்குக் கிட்டாரைக் கட்டுவார்கள். மரியதாஸின் குழலும் அதே சுருதி. கிட்டாரை ஏற்றலாம் இறக்கலாம். தகரக் குழலை முடியாது. எனவே ஒவ்வொரு நாளும் பதிவுக்கு முன் பைப்பை ஊதிச் சரிபார்ப்பதை நான் கட்டாயமாக்கினேன். ஆறு வேலை நாட்களில் ஒன்பது பாட்டும் முடிந்தன. நோட்டில் ஒன்பது நேரங்கள். தலைப்பு மெட்டு நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. திருப்தியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பதினொன்றே கால் மணிக்கு மரியதாஸ் வந்தார். வெள்ளைச் சட்டை. குழலைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

“இன்னா சவுண்டு சார், பூசைக்கு வர்லியா? உனுக்கு இன்னா, பொட்டியில லைட்டு எரியுது, இங்கியே பூசை.”

எல்லோரும் சிரித்தோம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். தலைப்பு மெட்டை ஓடவிட்டேன். முன்னால் எட்டு அடி கிட்டார் மட்டும் வரும், பிறகு குழல் சேர வேண்டும். எட்டு அடி முடிந்தது. அவர் ஊதவில்லை. குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார்.

“இன்னா டெரிக்கு, பாட்ட மேல ஏத்திட்டியா?”

“ஏத்தலயே மேன். அதே சுருதிதான். பைப் ஊதிட்டுத்தான் கட்டினோம்.”

“ஏறிக்கினு கீதுப்பா. கொஞ்சம் ஓடவும் ஓடுது. நம்ம வாசிக்கற மாதிரி இல்ல.”

“நீ ஊது தாஸண்ணே. ஊதினா சரியாயிடும்” என்றான் இரட்டையரில் ஒருவன்.

ஊதினார். சரியாகவில்லை. குழல் கிட்டாருக்குக் கீழே நின்றது. அரைச் சுரத்துக்கும் பாதி இருக்கும். காதில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி இருந்தது.

“பூசை ஒயின் வேலை செய்யுது போல” என்றான் மற்றவன்.

“அது ஃபாதருக்கே பத்தல மாமு, எனுக்கு எங்க” என்றார் மரியதாஸ். ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுபடி. மறுபடி. தகரக் குழலை அழுத்தி ஊதினால் சுரம் கொஞ்சம் ஏறும். அப்படி ஊதச் சொன்னேன். அழுத்தினார், குழல் பிசிறிட்டு மேல் ஸ்தாயிக்குத் தாவியது. ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டக் கேட்டார். கூட்டினேன். இன்னும் கூட்டக் கேட்டார். அதையும் நோட்டில் எழுதினேன்: ‘மூன்று முறை கூட்டச் சொன்னார்.’ அந்த வரி எனக்கு ஒரு துப்பு மாதிரி தெரிந்தது.

ஒன்பதாவது முறைக்குப் பிறகு அவர் ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

“டெரிக்கு, அந்த பைப்ப எடுத்து ஊது. டேப்பு ஓடும்போதே ஊது. எது ஏறிக்கிது, எது எறங்கிக்கிதுன்னு தெரிஞ்சிடும்.”

டெரிக் எழுந்தான். பைப் அவன் பையில் அடுத்த அறையில் இருந்தது. அரை நிமிட வேலை.

“தேவையில்லை” என்று நான் சொன்னேன். “டேப் ஏறாது. இந்த மெஷின் வேகம் மாறாது. வோல்டேஜைப் பாருங்கள், முள் அசையவில்லை.”

டெரிக் உட்கார்ந்துவிட்டான். அந்த அறையில் மெஷினைப் பற்றித் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அன்றைக்கு எனக்கு அவசரம் எதுவும் இல்லை. அடுத்த பதிவு மூன்று மணிக்குத்தான். பைப்பை ஊதுவதால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விஞ்சு ஓட்டுகிற ஒரு மனிதர் என் மெஷினைச் சோதித்துப் பார்க்கலாம் என்று சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வேறு காரணம் தேடி அந்த நாளின் பக்கத்தை எத்தனையோ முறை படித்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தச் சமயத்தில் ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன்: வருடக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்பவர்களுக்குக் காது கெடும், கெடும்போது சுருதியே ஏறியோ இறங்கியோ கேட்கும் என்று. படித்ததைச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது.

“எத்தனை வருடமாக விஞ்சில் இருக்கிறீர்கள்?”

“பதினாலு.”

“அந்த இரைச்சலில் பதினாலு வருடம் நின்றால் காது கெடாமல் இருக்காது. உங்களுக்குப் பாட்டு ஏறிக் கேட்பது அதனால்தான். சத்தம் போதவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அதுவும் அதனால்தான்.”

“எனுக்கு நல்லாத்தான் கேக்குது சார்.”

“கெட்டுப்போனது கெட்டுப்போனவருக்குத் தெரியாது.”

இப்படித்தான் சொன்னேன். மூன்று பேர் முன்னால். இரட்டையர் தரையைப் பார்த்தார்கள். மரியதாஸ் குழலைக் கைக்குட்டையில் சுற்றி முடித்தார். பிறகு கேட்டார்:

“சுருதிதான் தப்பா கேக்குமா? இல்ல, கூப்புட்டா கேக்காதா?”

“முதலில் சுருதி போகும். மற்றது மெல்லப் போகும்.”

“கீழ எட்டு பேரு நிக்கிறாங்க சார்” என்றார்.

நான் அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று டைரியில் இல்லை.

அடுத்த ஞாயிறும் வந்தார். அன்றைக்கும் அதே கதை. ஒரே வித்தியாசம், பாட்டு ஏறியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. நான்கு முறை ஊதிவிட்டு நிறுத்திக்கொண்டார். “நீ கிட்டார்லியே வாசிச்சிடு டெரிக்கு. எம் பேர எடுத்துடு. ஊதாத ஆளு பேரு எதுக்கு?” என்றார். டெரிக் கெஞ்சினான். “பேஜார் பண்ணாதப்பா” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். குழல் வரவேண்டிய இடங்களையெல்லாம் டெரிக் கிட்டாரில் வாசித்தான். கிட்டாரை டேப்புக்குக் கட்டிக்கொண்டான், எல்லாம் பொருந்தியது. எனக்கு வேலை முடிந்த நிம்மதி.

மூன்று வாரம் கழித்து, ரெக்கார்டு அச்சடிக்கும் ஆலைக்கு டேப் போக வேண்டிய நேரம். ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்ப வேண்டும். என் நோட்டிலிருந்து எடுத்து எழுதினால் போதும். ஆனால் நான் அப்படிச் செய்கிறவன் இல்லை. இன்னொரு முறை அளந்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து, ஸ்டாப்வாட்ச்சை வைத்துத் தலைப்பு மெட்டை ஓடவிட்டேன். நான்கு நிமிடம் நான்கு விநாடி. எட்டு விநாடி குறைவு.

தவறாக அழுத்திவிட்டேன் என்று மறுபடி அளந்தேன். நான்கு நான்கு. அடுத்த பாட்டு ஆறு விநாடி குறைவு. ஒன்பதும் குறைவு, எல்லாம் ஒரே விகிதத்தில். டேப்பில் எங்கும் வெட்டு இல்லை. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்ப அளந்தேன். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி.

மெஷினை அணைத்தேன். பிறகு எங்கள் தெருவில் குடியிருந்த, திருவொற்றியூரில் ஓர் ஆலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த நண்பரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். “எங்க ஆலையில கரண்டுல ஓடுற கடிகாரம் ஒண்ணு கீது. வார நாள்ல லேட்டாயிக்கினே போவும். சனிக்கிழமை சாயங்காலம் ஏணி போட்டு ஏறித் திருப்பி வெப்போம். சங்கு லேட்டா ஊதறதுக்கு முதலாளி வெச்ச கடிகாரம்னு பசங்க கிண்டல் பண்ணுவானுங்க.”

விஷயம் இதுதான். மின்சாரத்துக்கு வோல்டேஜ் என்கிற அழுத்தம் மட்டுமல்ல, ஒரு துடிப்பும் உண்டு. விநாடிக்கு ஐம்பது என்று புத்தகத்தில் போட்டிருக்கும். எங்கள் டேப் மெஷினின் மோட்டார் அந்தத் துடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். மாநிலம் முழுக்க ஆலைகள் ஓடுகிற வேலை நாளில் துடிப்பு குறையும். மெஷின் மெதுவாக ஓடும். ஞாயிறு ஆலைகள் மூடும். துடிப்பு ஐம்பதுக்கு வரும். மெஷின் தன் முழு வேகத்தில் ஓடும். வேலை நாளில் மெதுவாகப் பதிந்த பாட்டு, ஞாயிற்றுக்கிழமை வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். ஸ்டெபிலைசர் அழுத்தத்தைச் சரிசெய்யும், துடிப்பைத் தொடாது. நான் தினமும் மூன்று வேளை பார்த்து எழுதிக்கொண்டிருந்தது தவறான முள்ளை.

மரியதாஸ் சொன்னது அப்படியே சரி. ஏறித்தான் இருந்தது. ஓடவும் ஓடியது. அவர் ஒரு வேலை நாளில் லீவு போட்டுவிட்டு வந்து ஊதியிருந்தால் குழல் பாட்டோடு ஒட்டியிருக்கும்.

அப்போதும் நேரம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். டேப் இன்னும் அச்சடிக்கும் ஆலைக்குப் போகவில்லை. அன்று மாலையே அண்ணாச்சியிடம் சொன்னேன். கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“பாட்டு கேக்க நல்லாத்தானய்யா இருக்கு?”

“நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆனா குழல் இல்ல.”

“குழல் இல்லன்னு கேக்குறவனுக்கு எப்படித் தெரியும்? ஆலையில நமக்கு வியாழக்கிழமை முறை. அத விட்டா அடுத்து என்னைக்குன்னு யாருக்குத் தெரியும். அதுவும் போக, மெஷின் ஒரு நா ஒரு மாதிரி ஓடுதுன்னு வெளிய சொன்னா, நாளைக்கு எவன் இங்க பாட வருவான்? பேரு கெட்டுப்போவும்லா. விடுங்க தம்பி. அந்த ஆளே வேண்டாம்னுட்டுத்தான போனாரு.”

கெட்ட மனிதர் இல்லை அண்ணாச்சி. ஸ்டூடியோவை நம்பி நான்கு குடும்பம் இருந்தது, என்னுடையதும் சேர்த்து. நான் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை டேப் போயிற்று. தாளில் எந்த நேரத்தை எழுதுவது என்று மட்டும் நிறைய யோசித்து, ஞாயிற்றுக்கிழமை நேரத்தை எழுதினேன். கேட்பவர்கள் வீட்டில் தட்டு சரியான வேகத்தில் சுற்றினால், பாட்டு அந்த ஏறிய சுருதியிலேயே ஒலிக்கும். டெரிக்கின் குரல் அதில் அவன் வயதைவிட இரண்டு வயது சின்னதாகக் கேட்கும். இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறது.

அதன் பிறகு இரண்டு மாதம் என் டைரியில் இந்த விஷயம் பற்றி ஒரு வரி இல்லை. வோல்டேஜ் மட்டும் மூன்று வேளை தவறாமல் எழுதியிருக்கிறேன்.

ரெக்கார்டு அச்சாகி வந்தது. தன் பங்குப் பிரதிகளை எடுத்துப்போக டெரிக் வந்தான். அட்டையில் இருந்த குழலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“தாஸண்ணனுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போய்க் கொடு” என்றேன்.

“கொடுக்கணும். அவர் இப்ப கப்பல்ல இல்ல சார், தெரியுமா? விஞ்சை விட்டுட்டார்.”

எப்போது என்று கேட்டேன். அந்த இரண்டாவது ஞாயிறு முடிந்த வாரம் என்றான். சரக்கைப் பாதி உயரம் தூக்கிவிட்டு நிறுத்துவாராம். கீழிருந்து யாரோ நிறுத்து என்று கத்தின மாதிரி இருந்தது என்பாராம். யாரும் கத்தியிருக்க மாட்டார்கள். மறுபடி தூக்குவார், மறுபடி நிறுத்துவார். ‘இன்னா மாமு, விஞ்சுக்கு விக்கலா’ என்று கூட்டாளிகள் கேலி செய்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அவரே ஃபோர்மேனிடம் போய், எனக்குக் காது சரியில்லை, கீழே ஆள் நிற்கிற வேலை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாராம். அவர்கள் அவரைத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போட்டார்கள்.

டெரிக்கிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. “அந்த பைப் என் பையிலதான் சார் இருந்தது” என்று மட்டும் சொன்னான். பிரதிகளை எடுக்காமலே போய்விட்டான். இரண்டு நாள் கழித்து இரட்டையரில் ஒருவன் வந்து எடுத்துப்போனான்.

டெரிக் வந்துபோன மறுநாளே, பகல் பன்னிரண்டரைக்கு அந்தக் கிடங்குக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மரியதாஸ் வெளிச்சுவர் நிழலில் அடுக்கியிருந்த காலி சாக்குகள் மேல் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோளில் மூட்டை உராய்ந்த இடம் புண்ணாகி ஆறிக் கறுத்திருந்தது.

“இன்னா சவுண்டு சார், இவ்ளோ தூரம்? குந்து.”

உட்கார்ந்தேன். மின்சாரம், துடிப்பு, ஞாயிறு, வேலை நாள், எட்டு விநாடி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இரண்டு மாதமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப பாட்டு ஏறித்தான் இருந்துச்சு.”

“ஆமாம்.”

“நான் சொன்னேன்ல.”

“சொன்னீர்கள்.”

தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டார்.

“நான் உங்கள் ஃபோர்மேனிடம் வந்து சொல்கிறேன்” என்றேன்.

“இன்னான்னு சொல்லுவ? டேப்பு மொள்ள ஓடுச்சு, அதனால விஞ்சு குடுன்னா? எழுதிக் குட்த்தது நானு சார். கையெழுத்து என்து.”

“காது டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கலாம். நானே அழைத்துப்போகிறேன்.”

“போயாச்சு. போன மாசமே போயிட்டு வந்துட்டேன். நல்லாத்தான் கீதுன்னாரு.”

எனக்குப் புரியவில்லை. “அப்புறம் ஏன்?”

“டாக்டரு ரூம்ல விஞ்சு இல்லியே சார்.” கையைக் கழுவித் தூக்குவாளியை மூடினார். “அங்க அமைதியா கீது. டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வெச்சா எவனுக்கும் கேக்கும். விஞ்சு அப்டியா? நீ காதுக்காரன். அதான் உன் வேலை. அன்னிக்கு நீ சொன்ன மூஞ்சிய நான் பாத்தேன். கொஞ்சம்கூட சந்தேகம் இல்ல. இன்னிக்கும் அதே மூஞ்சியிலதான் சொல்ற. நான் எத எடுத்துக்கறது, சொல்லு?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

இருபத்தைந்து வருடம் அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் இருந்தேன். மெஷின்கள் மாறின. என்னைவிட விவரம் குறைந்தவர்கள் என்று நான் நினைத்த எத்தனையோ பேர், இது சரியில்லை சார் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் சொன்னது தவறாகத்தான் இருந்தது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அதை ஒரு பெருமையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வழக்கம் எனக்கு வருவதற்கு ஒரு மனிதரின் வேலை போக வேண்டியிருந்தது. உங்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு அந்தச் சாக்குகள் மேல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ இரும்பை இழுத்துப் போடுகிற சத்தம். சட்டென்று மரியதாஸ் கிடங்கின் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். எழப் போனவர், பாதியில் நின்று என்னைப் பார்த்தார்.

“என்னிய கூப்ட்டாங்களா சார்?”

என் காதில் லாரிச் சத்தத்தைத் தவிர எதுவும் விழவில்லை.

“கூப்பிட்டார்கள்” என்றேன்.

அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாசலில் ஓர் ஆள் கையைத் தூக்கியபடி அவருக்காக நின்றுகொண்டிருந்தான்.